பாய் கடை மில்லிங் மெஷின்

என் கணவர் கோயம்புத்தூருக்குப் போய்விடுவதென்று முடிவெடுத்தபோது அவரிடம் பெட்டி இல்லை. பக்கத்துக் கடை பாயிடம் இரவல் வாங்கிக்கொண்டு வந்தார். பாயின் மகன் துபாயிலிருந்து கொண்டுவந்த நீலநிறப் பெட்டி. உள்ளே ஓர் ஆளையே உட்கார வைக்கலாம், அவ்வளவு பெரிது. சக்கரங்களில் ஒன்று சிக்கிக்கொண்டு சுற்ற மறுத்தது. தெருமுனையிலிருந்து வீட்டுவாசல்வரை அது தரையைக் கீறிக்கொண்டு வந்த சத்தத்தில் எதிர்வீட்டு நாய் எழுந்து நின்று பார்த்தது.

எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். கோபம்தான் வந்தது. ஊரைவிட்டுப் போகிறேன் என்கிற மனிதர், போவதற்கான பெட்டியைக்கூடப் பக்கத்துக் கடையில் இரவல் வாங்குகிறார். அங்கே போய் யாரிடம் இரவல் வாங்குவார்?

"லேத் வச்சிருக்க மனுசன் நீங்க. இந்தச் சக்கரத்தச் சரி பண்ணிட்டுக் கொண்டாந்தா என்ன?" என்றேன்.

"பாத்துக்கிடலாம்ளா" என்று சொல்லிவிட்டுக் கை கழுவப் போனார்.

அவர் ஏன் போக நினைத்தார் என்று சொல்வதற்கு முன்னால் எங்கள் வரிசையைப் பற்றிச் சொல்லவேண்டும். பேட்டை என்கிற எங்கள் ஊரில், தொழிற்பேட்டையின் பின்பக்கம் மூன்று கடைகள் ஒட்டினாற்போல இருக்கின்றன. முதலாவது எங்களுடையது, லேத் பட்டறை. இரும்பு உருளையைச் சுழலவிட்டு வேண்டிய அளவுக்குக் கடைந்து தருவோம். நடுவில் பாய் கடை. அங்கே ஒரு மில்லிங் மெஷின் இருக்கிறது. கடைந்த இரும்பில் பள்ளம் வெட்டவும் பக்கங்களைத் தட்டையாகச் சீவவும் அதுதான் வேண்டும். கடைசியில் அண்ணாச்சி கடை. துளை போடுவது, வெல்டிங் வைப்பது, தேய்த்து மெருகேற்றுவது எல்லாம் அங்கே. என் கணவர் நாற்பதைத் தாண்டியவர், பாய் அவரைவிடக் கொஞ்சம் மூத்தவர், அண்ணாச்சி இருவருக்கும் மூத்தவர். வயசு ஏற ஏறப் பேச்சு குறையும் என்பார்கள். எங்கள் வரிசையில் அது பொய். அண்ணாச்சி பேச ஆரம்பித்தால் வெல்டிங் ராடு ஆறிவிடும்.

கடைகளுக்கு நடுவே சுவர் உண்டு. சுவரில் ஆள் நுழையும் அளவுக்கு வழியும் உண்டு. அந்த வழிக்குக் கதவு வைக்க யாருக்கும் தோன்றியதில்லை. ஒரு மோட்டார் ஷாப்ட் வேலைக்கு வந்தால், எங்களிடம் கடையப்பட்டு, பாயிடம் போய்ப் பள்ளம் வெட்டிக்கொண்டு, அண்ணாச்சியிடம் துளையும் மெருகும் பெற்றுத் திரும்ப எங்களிடமே வரும். ஒரு கையில் இரும்பு, மறு கையில் டீ கிளாஸ் என்று மூன்று பேரும் நாளெல்லாம் அந்த வழியில் போய்வருவார்கள். "நம்ம சாமானெல்லாம் நடந்து நடந்துதாம்ளா முழுசாவும்" என்பார் என் கணவர்.

அந்த மில்லிங் மெஷினைப் பற்றித் தனியாகச் சொல்லவேண்டும். பச்சை பெயிண்ட் அடித்த கனத்த மெஷின். அதன் நெற்றியில் பாய் வெள்ளை பெயிண்டில் 786 என்று எழுதியிருக்கிறார். அதற்குப் பக்கத்திலேயே ஒரு சந்தனப் பொட்டும் குங்குமமும் இருக்கும். ஒவ்வொரு ஆயுத பூஜைக்கும் எங்கள் லேத்துக்குப் பொட்டு வைத்த கையோடு என் கணவர் சுவர் வழியாக உள்ளே போய் அதற்கும் ஒரு பொட்டு வைத்துவிட்டு வருவார். முதல் வருசம் "என்னவே பண்ணுதீரு?" என்று பாய் கேட்டிருக்கிறார். "உம்ம மெசின் ஓடலன்னா எனக்குல்லா சோறு கிடையாது" என்று இவர் சொல்லியிருக்கிறார். அதன்பிறகு பூஜைக்கு முந்தின நாள் பாயே மெஷினைத் துடைத்து வைத்துவிடுவார்.

நான் ஒரு தனியார் பள்ளிக்கூடத்தின் அலுவலகத்தில் வேலை பார்த்துவந்தேன். தலைமையாசிரியையோடு ஒத்துவராமல் வேலையை விட்டுவிட்டு பட்டறையில் வந்து உட்கார்ந்தேன். எனக்குக் கோபம் மூக்கு நுனியில் இருக்கும். அதை மறைத்துப் பிரயோசனமில்லை, ஊருக்கே தெரியும். கம்ப்யூட்டரும் தெரியும் என்பதால் ஜிஎஸ்டி தாக்கல், பில், மின்சாரக் கட்டணம் எல்லாம் என் தலையில் விழுந்தன. முதலில் எங்கள் கடைக்கு மட்டும். அப்புறம் அதுவும் சுவர் வழியாக நடந்து மூன்று கடைக்குமாக ஆயிற்று. அண்ணாச்சிக்கு வரும் ஓடிபி மதுரையில் இருக்கிற அவர் மகளின் போனுக்குப் போகும். பள்ளிக்கூடத்தில் பாடம் நடத்திக்கொண்டிருக்கும் அந்தப் பிள்ளையைக் கூப்பிட்டு எண்ணைக் கேட்டு நான் தட்டுவதற்குள் நேரம் முடிந்துபோகும். மறுபடி முதலிலிருந்து. இதற்கெல்லாம் சம்பளம், பாய் வாங்கித் தரும் ஆமவடை.

வேலை குறைந்துகொண்டே வந்தது. ஆற்றுப் பாசனத்து வயல்காரர்கள் பம்புசெட்டைப் பழுது பார்க்கக் கொண்டுவருவது குறைந்துவிட்டது, புதிதாகவே வாங்கிவிடுகிறார்கள். பழைய அரிசி ஆலைகள் சில மூடிவிட்டன. மிச்சம் இருந்தது காத்தாடி வேலைதான். எங்கள் ஜில்லாவில் காற்றாலையைக் காத்தாடி என்றே சொல்வோம். என் அக்கா வீடு திசையன்விளையில். ஆனி, ஆடியில் அங்கே போனால் செம்மண் காடு முழுக்கக் காத்தாடிகள் கையை வீசிக்கொண்டு நிற்கும். நடுவே ஒன்றிரண்டு சும்மா நிற்கும். பாகங்களைக் கோத்துப் பிடிக்கிற இரும்புப் பின்னோ, அதைத் தாங்குகிற புஷ்ஷோ தேய்ந்து உடைந்திருக்கும். முன்பெல்லாம் பராமரிப்பு கம்பெனி ஆட்கள் உடைந்த பின்னைக் கையில் பிடித்துக்கொண்டு எங்கள் வரிசைக்கு வருவார்கள். பிறகு கம்பெனி சென்னையில் உட்கார்ந்துகொண்டு எல்லாவற்றையும் இணையத்தில், போர்ட்டல் வழியாக வாங்க ஆரம்பித்தது. போர்ட்டலில் பதிவு செய்தவர்களுக்கு மட்டும்தான் ஆர்டர். அதில் எங்கள் பெயர் இல்லை. கோயம்புத்தூர்க்காரர்களின் பெயர் இருந்தது. காற்றும் எங்கள் ஊர், காத்தாடியும் எங்கள் ஊர், பின் மட்டும் லாரி ஏறிக் கோயம்புத்தூரிலிருந்து வரும். அதுவரை காத்தாடி சும்மா நிற்கும். பஸ் ஜன்னல் வழியாக அதைப் பார்க்கும்போதெல்லாம் என் கணவரின் முகம் வாடிப்போகும்.

அந்தச் சமயத்தில் சிறுதொழில் செய்கிறவர்களுக்கு ஒரு கூட்டம் நடந்தது. நானும் போனேன். மேடையில் பேசியவர், சிறுதொழில்கள் டிஜிட்டல் மயமானால் இந்த மண்டலத்தின் உற்பத்தித்திறன் பெருகும் என்று திரையில் கோடுகள் காட்டி விளக்கினார். எல்லாக் கோடுகளும் மேல்நோக்கியே போயின. கொடுத்த பஜ்ஜி நன்றாக இருந்தது. திரும்பி வரும்போது நான் அந்தக் கோட்டை நம்பித்தான் வந்தேன். மறுநாளே போர்ட்டலைத் திறந்து பதிவுக்கு உட்கார்ந்தேன்.

உங்களிடம் என்னென்ன இயந்திரங்கள் உள்ளன என்று ஒரு கேள்வி.

என் கணவர் மடமடவென்று சொன்னார். "லேத்து, மில்லிங், டிரில்லிங், வெல்டிங் செட்டு, கிரைண்டிங்."

"மில்லிங் நம்மகிட்ட எங்கங்க இருக்கு?"

"பாய்கிட்ட இருக்குல்லா?"

"அது பாயோடது."

"பாய் எங்கன இருக்காரு? பக்கத்துலதான? நமக்கு வேணும்னா இல்லம்பாரா?"

"இல்லன்னு சொல்ல மாட்டாரு. ஆனா..."

"பெறகு என்னளா? போடு."

போட்டேன். அன்று சாயங்காலமே பாய் வந்தார். அவர் கடைக்கும் பதிவு செய்யவேண்டுமாம். என்னென்ன மெஷின் என்று கேட்டேன். "மில்லிங், லேத்து, டிரில்லிங்..." என்று அவரும் ஆரம்பித்தார். லேத் எங்கே இருக்கிறது என்றேன். நான் உட்கார்ந்திருந்த நாற்காலிக்குப் பின்னால் கை காட்டினார். அண்ணாச்சியிடம் எது எங்கே இருக்கிறது என்று நான் கேட்கவே இல்லை. அவர் சொல்லச் சொல்லத் தட்டிக்கொண்டே போனேன். யாரும் யாரையும் ஏமாற்றப் பார்க்கவில்லை. அந்த மூன்று பேரிடமும் தனித்தனியாகப் போய், உன்னுடையது எது என்று கேட்டால், அவர்கள் நிஜமாகவே அந்த வரிசை முழுவதையும்தான் சொல்வார்கள்.

பதிவை உறுதி செய்யக் கம்பெனியிலிருந்து வீடியோ அழைப்பு வரும் என்றார்கள். சென்னையிலிருந்து ஓர் இளம்பெண் பேசினாள். ஒவ்வொரு மெஷினையும் போன் கேமராவில் காட்டச் சொன்னாள். என் கணவர் லேத்தைக் காட்டினார். பிறகு போனைப் பிடித்துக்கொண்டு சுவர் வழியாக நுழைந்து, "நம்ம இடந்தாம்மா" என்று மில்லிங்கைக் காட்டினார், அங்கிருந்து நேராக அண்ணாச்சி கடைக்குப் போய் மிச்சத்தைக் காட்டினார். "பெரிய ஒர்க்ஷாப்தான் சார்" என்றாள் அந்தப் பெண். இவர் முகத்தில் அத்தனை சந்தோசம்.

அடுத்து அண்ணாச்சியின் முறை. அவர் தன் கடையைக் காட்டிவிட்டு, போனோடு பாய் கடைக்கு வந்தார். மில்லிங் மெஷின் முன்னால் போனை நீட்டினார். 786, சந்தனப் பொட்டு, குங்குமம்.

"சார், இந்த மெஷினை நான் காலையிலயே பார்த்தேனே" என்றாள் அவள்.

"பாத்திருப்பிய மேடம், நல்ல மெசின்லா" என்றார் அண்ணாச்சி.

பாய் மட்டும் அப்போதே லேசாகச் சந்தேகப்பட்டார். தன் முறை வந்தபோது பொட்டு தெரியாமல் இருக்க மெஷினின் நெற்றியில் ஒரு துண்டைப் போட்டுவிட்டார். அந்தத் துண்டுதான் எல்லாவற்றையும் கெடுத்தது. "சார், அந்தத் துணியைக் கொஞ்சம் எடுங்க" என்று அவள் சொன்னதும், பாய் தன் வீட்டுப் பிள்ளைக்கு மொட்டையடித்ததைக் காட்டுவதுபோல மெல்லத் துண்டை எடுத்திருக்கிறார்.

மூன்று விண்ணப்பங்களும் ஒன்றாகத் திரும்பி வந்தன. தவறான தகவல் கொடுத்ததால் நிராகரிக்கப்படுவதாக எழுதியிருந்தது. எனக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. என் கணவர் சிரிக்கவில்லை. அந்த வரியை இரண்டு தடவை படிக்கச் சொன்னார்.

"பொய் சொன்னோங்கான்" என்றார். "நான் என்னளா பொய் சொன்னேன்?"

அன்றைக்கு அவர் மதியம் சாப்பிட வரவில்லை. ஆற்றுக்குப் போய் வெகுநேரம் முங்கிக் கிடந்துவிட்டு, ஈரத்தலையோடு வந்து சொன்னார். ஐடிஐயில் கூடப் படித்தவர் கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையில் பெரிய பொறுப்பில் இருந்தார். சூப்பர்வைசர் வேலைக்கு வா, வா என்று நெடுநாளாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார். ஆவணி பிறந்ததும் வந்துவிடுவதாக அவரிடம் சொல்லியாயிற்றாம். லேத்தை விற்றுவிடலாம், நீ பின்னால் வந்து சேர்ந்துகொள் என்றார். மறுநாள்தான் அந்த நீலப் பெட்டி வந்தது.

எங்கள் கல்யாணத்துக்கு முன்பிருந்தே அந்த லேத் இருக்கிறது. அந்தச் சத்தம் கேட்காத பகலை நான் நினைத்துப் பார்த்ததில்லை. இவர் வேறு ஊரில், வேறொருவருடைய தொழிற்சாலையில், கழுத்தில் அடையாள அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு நிற்பதையும்தான். போகாதீர்கள் என்று வாய்விட்டுச் சொல்ல எனக்கு வரவில்லை. எனக்கு வருவது சண்டை ஒன்றுதான். ஆகவே சென்னைக்குப் போன் போட்டேன்.

அந்தப் பெண்ணே எடுத்தாள். நான் பிடிபிடியென்று பிடித்தேன். எங்கள் ஆட்கள் பொய் சொல்கிறவர்கள் இல்லை, நீங்கள் எழுதிய வார்த்தையால் ஒரு மனிதர் ஊரைவிட்டே போகப்போகிறார், இந்த மூன்று பேரில் யாரும் பக்கத்துக் கடை மெஷினைக் கேட்டுக் கிடைக்காமல் திரும்பிப் போனதில்லை என்று மூச்சுவிடாமல் சொன்னேன். அவள் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"எனக்குப் புரியுது மேடம். ஒண்ணு மட்டும் சொல்லுங்க. மூணு பேருக்கும் ஒரே நாள்ல ஆர்டர் அனுப்புறேன்னு வைங்க. மூணு பேருமே மில்லிங் இருக்குன்னு எழுதியிருக்கீங்க. அங்க இருக்கறது ஒரு மெஷின். அது யாருக்கு முதல்ல ஓடும்? மத்த ரெண்டு காத்தாடியும் நின்னுட்டே இருக்குமே?"

எனக்கு இன்னும் திட்டுவதற்கு நிறைய மிச்சம் இருந்தது. ஆனால் எதுவும் அந்தக் கேள்விக்குப் பதிலாக இல்லை. "மூணு பேருக்கும் தனித்தனியா எதுக்கு அனுப்புதிய? சேத்து ஒண்ணா அனுப்புங்க" என்றேன்.

"அப்படி ஒரு கட்டமே இல்லையே மேடம். ஒரு நிறுவனத்துக்கு ஒரு பதிவுதான்." சற்று நிறுத்திவிட்டுச் சொன்னாள்: "நீங்க ஒரே நிறுவனமா இருந்தா ஒரு பதிவு போதும். அப்போ நீங்க எழுதினது எல்லாமே சரியா இருக்கும்."

போனை வைத்துவிட்டு லேத்தின் பக்கத்தில் அப்படியே உட்கார்ந்திருந்தேன். கூட்டத்தில் பார்த்த கோடுகள் நினைவுக்கு வந்தன. அந்தத் திரையில் ஒவ்வொரு கடையும் ஒரு புள்ளி. போர்ட்டலுக்கும் அப்படித்தான், ஒரு பெயர், ஒரு வாசல். எங்களைத் தனித்தனியாக நிறுத்திப் பார்த்தால் மூன்று பேருமே அரைகுறை. எந்தக் கடையிலும் ஒரு பின்னை முழுசாகச் செய்து முடிக்க முடியாது. சேர்த்துப் பார்த்தால் இந்த ஜில்லாவில் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. எங்கள் உற்பத்தித்திறன் என்று ஒன்று உண்டென்றால் அது எந்த மெஷினிலும் இல்லை, சுவரில் இருக்கிற அந்த வழியில் இருக்கிறது. அதை விண்ணப்பத்தில் எந்தக் கட்டத்தில் எழுதுவது? அதே சமயம் அந்தப் பெண் கேட்டதும் நியாயம். ஒருவர் காத்திருக்க இன்னொருவர் மெஷினைப் பிடித்துக்கொண்டு நிற்பதும், மெஷின் சும்மா இருப்பது தெரியாமல் நாங்கள் வேலையைத் தள்ளிப்போடுவதும் நடந்துகொண்டுதான் இருந்தது. டீ குடித்த சந்தோசத்தில் அதை யாரும் கவனித்ததில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை பாயையும் அண்ணாச்சியையும் வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டேன். சொதி வைத்தேன். தேங்காய்ப்பாலும் பாசிப்பருப்பும் சேர்த்து, இஞ்சிப் பச்சடியோடு. எங்கள் பக்கத்துச் சைவ வீடுகளில் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்தில் வைப்பது. பாய் இலையைப் பார்த்ததுமே கேட்டார்.

"சொதியா தங்கச்சி? யாருக்குக் கலியாணம் முடிஞ்சுருக்கு?"

"மூணு கடைக்கும்தான். முதல்ல சாப்பிடுங்க, சொல்லுதேன்."

இரண்டாவது தடவை சொதி ஊற்றும்போது சொன்னேன். மூன்று கடையும் ஒரே நிறுவனமாகப் பதிவு செய்துகொள்ளலாம், பத்திரம் போட்டுக்கொள்ளலாம், ஒரே பெயரில் போர்ட்டலில் மறுபடி எழுதலாம். என் கணவர் தலை நிமிரவில்லை. ஆவணிக்குப் போகிறவருக்கு இதில் என்ன என்பதுபோலப் பச்சடியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அண்ணாச்சிதான் தயங்கினார். "பத்திரம்னு வந்துட்டா சண்டை வந்துரும்மா. பத்திரம் இல்லாததுனாலதான் இத்தன வருசமா சண்டை இல்லாம இருக்கோம்."

"சண்டை இல்லன்னு உம்மகிட்ட யாருவே சொன்னா?" என்றார் பாய். "கிரைண்டிங் கல்ல நான் உடச்சிட்டேன்னு ஒரு வாரம் எங்கூட நீரு பேசல."

"பேசலதான். டீ குடிச்சேன்லா?"

"அதத்தான் சொல்லுதேன். பத்திரம் போட்டாலும் டீ குடிக்கலாம்."

அண்ணாச்சி சிரித்துவிட்டார். ஆனாலும் இன்னொன்று இருந்தது. அது ஆடி மாசம். ஆடியில் புதிதாக எதையும் தொடங்க அவர் சம்மதிக்கமாட்டார், வெட்டிப் போட்டாலும் கையெழுத்துப் போடமாட்டார். ஆவணி வரை பொறுத்தால் என் கணவர் ரயில் ஏறிவிடுவார். காற்றும் அடங்க ஆரம்பித்துவிடும். குழம்புக் கரண்டியைப் பிடித்தபடியே நின்றேன்.

பாய் விரலை நக்கிக்கொண்டு நிதானமாகச் சொன்னார். "எனக்கு ஆடி கிடையாதுல்லா, அண்ணாச்சி? நான் முதல்ல கையெழுத்துப் போட்டுருதேன். தொடங்குனது நானாயிட்டுப் போறேன். நீங்க ரெண்டு பேரும் தொடங்கவேண்டாம், பைய வந்து சேந்துக்கிடுங்க. சேர்றதுக்கு ஆடில என்ன தடை?"

அண்ணாச்சி நெடுநேரம் யோசித்தார். எத்தனை யோசித்தும் அதில் ஓட்டை கண்டுபிடிக்க முடியவில்லை. மோர் கேட்டார்.

நிறுவனத்துக்கு என்ன பெயர் என்று வந்தபோது மூன்று பேரும் அடுத்தவர் பெயரையே சொன்னார்கள். கடைசியில் தெருவின் பெயரையே வைத்தோம். பொறுப்பாளர் யார் என்று கேட்டதற்கு, "தங்கச்சி பேரப் போடுங்க. நம்ம மூணு பேரையும் ஏசுததுக்கு ஒரு ஆளு வேணும்லா" என்றார் பாய். அந்தப் பதவிக்கு என்னைவிடத் தகுதியானவர் இந்த ஜில்லாவில் கிடையாது என்று அண்ணாச்சியும் ஒத்துக்கொண்டார். கை கழுவப் போகும்போது என் கணவர் என் பக்கத்தில் நின்று, "கிடைக்கலன்னா நான் போயிருவேன்ளா" என்று மெல்லச் சொன்னார். அதில் மிரட்டல் இல்லை. எனக்கு முன்கூட்டியே ஆறுதல் சொல்கிறார் என்று புரிந்தது.

பத்திரம் முடிந்து மறுபடி விண்ணப்பித்தோம். வீடியோவுக்கு அதே பெண்தான் வந்தாள். இந்தமுறை ஒரே அழைப்பு. என் கணவர் போனைப் பிடித்துக்கொண்டு லேத்திலிருந்து தொடங்கினார். நான் அவர் பின்னாலேயே போனேன். சுவர் வழியாக நுழைந்ததும், "இது யாரோட இடம் சார்?" என்று அவள் கேட்டாள்.

"நம்ம இடந்தாம்மா" என்றார்.

முதல்முறையும் அவர் இதையேதான் சொல்லியிருந்தார். அன்று அது பொய்யாக இருந்தது. இன்று அதே வார்த்தை உண்மையாக இருந்தது. திரையில் மில்லிங் மெஷின் வந்தது. பாய் அன்றைக்குத் துண்டு எதுவும் போடவில்லை. பொட்டு பளிச்சென்று இருந்தது, யாரோ புதிதாக வைத்திருந்தார்கள். "இவங்களை எனக்கு நல்லாத் தெரியும் சார்" என்று மெஷினைப் பார்த்து அந்தப் பெண் சிரித்தாள். எனக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ளலாம்போல இருந்தது.

அதற்குப் பிறகும் பதில் வரவில்லை. ஆடி முடியப்போகிறது. அவருடைய சட்டைகளை நானே மடித்து நீலப் பெட்டியில் வைத்தேன். வைக்கும்போது ஒவ்வொரு சட்டையையும் திட்டினேன். சக்கரம் இன்னும் ஓடவில்லை. நான் சொல்வதை நிறுத்திவிட்டேன்.

ஆடிக் கடைசியில் ஒரு நாள் காலையில் போனில் இரண்டு செய்திகள் ஒன்றாக வந்தன. ஒன்று, பதிவு ஏற்கப்பட்டது. இன்னொன்று, திசையன்விளைப் பக்கம் ஒரு காத்தாடியில் பின் உடைந்து நிற்கிறது, அவசரம். அன்று எங்கள் வரிசையைப் பார்த்திருக்கவேண்டும். இவர் கடைந்தார். பாய் மெஷினைத் தயாராக வைத்துக்கொண்டு சுவர் வழியில் எட்டி எட்டிப் பார்த்தார். அண்ணாச்சி வாயே திறக்காமல் துளை போட்டார், அதுதான் பெரிய அதிசயம். பொழுது சாய்வதற்குள் என் கணவர் பின்னைத் துணியில் சுற்றி எடுத்துக்கொண்டு அண்ணாச்சியின் வண்டியில் கிளம்பிவிட்டார். அங்கிருந்து போன் வந்தது. எடுத்தால் காற்றுச் சத்தம் மட்டும்தான் கேட்டது. "என்னங்க, என்னங்க" என்று நான் கத்தினேன்.

"சுத்துதுளா" என்றார்.

கோயம்புத்தூர் நண்பருக்கு அவர் என்ன சொன்னார் என்று எனக்குத் தெரியாது. நான் கேட்கவும் இல்லை. நான் பாட்டுக்குச் சட்டைகளை எடுத்து அலமாரியில் வைத்துவிட்டேன்.

இப்போது மில்லிங் மெஷின் யாருக்கு எப்போது என்பதை நான் போனில் ஒரு நாட்காட்டியில் போட்டுவிடுகிறேன். மூன்று பேர் போனிலும் அது தெரியும். யாரும் காத்து நிற்பதில்லை. முன்பு எங்களால் முடியாது என்று திருப்பி அனுப்பிய வேலைகளையும் இப்போது எடுக்கிறோம். மேடையில் பேசியவர் இதைத்தான் சொன்னார் என்றால் அவர் சொன்னது சரிதான். ஆனால் முதல் இரண்டு வாரம் மூன்று பேரும் என்னமோபோல இருந்தார்கள். காத்திருக்க வேண்டியதில்லை என்பதால் பேசவும் வேண்டியதில்லாமல் போயிற்று. பிறகு ஒரு நாள் நாட்காட்டியில் சாயங்காலம் மெஷினை யாரோ பிடித்து வைத்திருப்பதைப் பார்த்தேன். என்ன வேலை என்ற இடத்தில் டீ என்று எழுதியிருந்தது. பாய்தான். மறுநாளும் எழுதியிருந்தார். அழிக்கப் போனேன், மனசு வரவில்லை. இப்போது தினமும் அந்த நேரத்துக்கு மெஷின் நிற்கிறது, மூன்று பேரும் சுவர் வழியில் சாய்ந்துகொண்டு டீ குடிக்கிறார்கள். பொறுப்பாளர் என்ற முறையில் எனக்கும் ஒரு கிளாஸ் உண்டு.

நீலப் பெட்டியைத் திருப்பிக் கொடுக்க ஆவணி பிறந்த பிறகுதான் நேரம் வந்தது. காலியாக இருந்தாலும் சக்கரம் ஓடாததால் என் கணவர் அதைத் தலையில் வைத்துக்கொண்டு வந்தார். பாய் வாங்கி ஸ்டூல்மேல் கவிழ்த்துப் போட்டார். ஸ்குரூ டிரைவரை எடுத்தார். சக்கரத்தைக் கழற்றி, உள்ளே சுற்றியிருந்த நூலைப் பிடுங்கிப் போட்டு, ஒரு சொட்டு எண்ணெய் விட்டுத் தட்டினார். நான் டீயைக் குடித்து முடிப்பதற்குள் அது விர்ரென்று சுற்றியது.

எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "இவ்வளவுதானா? இத அன்னைக்கே பண்ணிருக்கலாம்லா பாய்? ஒரு மாசமா எங்க வீட்டுல கிடந்துச்சு. இவுகளும் தொடல, நீங்களும் தொடல. அண்ணாச்சிகூட வந்து பாத்துட்டுப் போனாவ!"

அண்ணாச்சி வேறு பக்கம் திரும்பிக்கொண்டார். என் கணவர் டீ கிளாஸைக் கழுவப் போனார். பாய் சக்கரத்தை இன்னொரு தடவை சுற்றிவிட்டு, அது நிற்கும்வரை பார்த்துக்கொண்டிருந்தார்.

"இப்பச் சரி பண்ணலாம் தங்கச்சி" என்றார். "இனி யாரும் போவலைல்லா."